கொம்பு அரியணையும் கருவாலி நாற்காலியும்

கோபன்ஹேகன் நகரிலே ஓர் அரியணை இருக்கிறது. ரோசன்போர்க் எனும் பழைய அரண்மனையின் மேல்மாடியில், நீண்டதொரு மண்டபத்தின் கோடியில், மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவலிருக்க, வெண்மை மங்கி மஞ்சள் பாய்ந்து நிற்கிறது. டென்மார்க்கின் தனியாட்சி மன்னர்கள் 1671 முதல் 1840 வரை திருமுழுக்கு விழாவின்போது அமர்ந்த ஆசனம். எதனால் ஆனது தெரியுமோ? ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பால்! அப்படித்தான் அரண்மனை சொல்லிற்று. அப்படித்தான் மக்கள் நம்பினர். நெற்றி நடுவே ஒரே ஒரு கொம்பு முளைத்த மாயக்குதிரை. அதன் கொம்பு நஞ்சை முறிக்குமாம், நோயை விரட்டுமாம். அத்தகைய கொம்புகளை அடுக்கி ஆசனம் சமைத்து அமர்ந்தவன், மற்ற மனிதரைப்போல் ஒரு மனிதனாக எப்படி இருக்க முடியும்!

குதிரையும் இல்லை, கொம்பும் இல்லை. வடகோடிப் பனிக்கடலில் வாழும் நார்வால் என்ற திமிங்கில இனத்தின் தந்தம் அது. வேடிக்கை என்னவென்றால், இதை டென்மார்க் நாட்டு அறிஞர் ஓலே வோர்ம், தந்தம் ஒட்டியிருந்த மண்டையோட்டையே ஆராய்ந்து 1638இல் எடுத்துரைத்துவிட்டார். அரியணை வேலை நடந்ததோ 1660களில்! அறிஞர் சொன்னது ஏட்டில் இருந்தது. அரசர் அமர்ந்தது பொய்மீது.

அந்த அரியணையை நாம் கண்டது சென்ற கோடையில். மக்கள் உயர்பள்ளி ஒன்றில் ஆசிரியர்களுக்காக நடந்த மூன்று திங்கள் வகுப்புக்கு அந்நாடு சென்றிருந்தோம். 1844இல் ரொடிங் என்ற ஊரில் முதன்முதலாகத் தோன்றிப் பின்னர் நாடெங்கும் பரவிய பள்ளிகள் அவை. உழவர் வீட்டுப் பிள்ளைகள் தேர்வும் பட்டமும் இன்றிக் கூடிப் படிக்க எழுந்தவை. அவற்றைப்பற்றி எழுத ஏராளம் உண்டு. மற்றொரு நாள் எழுதுவோம். இன்று நாற்காலி.

நாற்காலியைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். நமக்கும் தோன்றியிருக்கும், தச்சர் வீட்டிலே பிறந்திராவிட்டால்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையோரம் நம் ஊர். ஆம், 1620 முதல் 1845 வரை டேனியரின் கொடி பறந்த அதே தரங்கம்பாடிதான். தாத்தா தச்சர், அப்பாவும் தச்சர். தாத்தா பண்ணை வீட்டுக்கென்று ஒரு கைவைத்த நாற்காலி செய்தாராம். தேக்கில், இரண்டு மாத வேலை. அதைத் தலையில் சுமந்து சென்று திண்ணையில் இறக்கிவைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே கூலி வாங்கித் திரும்பினாராம். உடன் சென்ற சிறுவன் நம் அப்பா. செய்யும்போது ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க நம் வீட்டு முற்றத்தில் அதில் அமர்ந்த தாத்தா, திண்ணைக்குப் போனபின் அதன் பக்கத்தில் நின்றார். அந்தக் காட்சியை அப்பா மறக்கவில்லை. அதன் விளைவு, நம் கையில் உளி படவே கூடாது என்று தடை போட்டுவிட்டார். பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாலே, “போ தம்பி, போய்ப் படி. இந்த உளி என்னோட போகட்டும்” என்பார். படித்தோம். கலைக்கல்லூரியில் பட்டமும் பெற்றோம். ஆசிரியரானோம். இப்போது நாற்காலியில் அமர்கிறோம். பிளாஸ்டிக் நாற்காலிதான், ஒரு கால் சற்று வளைந்தது, ஆயினும் நாற்காலி!

இந்தக் கதையை நெஞ்சில் சுமந்துகொண்டு போனவர்க்கு, உயர்பள்ளி நூலகத்தின் சன்னலோரம் கிடந்த பழைய கைவைத்த நாற்காலி வெறும் நாற்காலியாகத் தெரியுமா?

எழுபது ஆண்டுக்கு மேற்பட்டது என்றார்கள். செய்தவர் பெயர் தெரியாது; அடியில் முத்திரையும் இல்லை. ஓக் மரம், தமிழில் கருவாலி என்பார்களே, அது. பழந்தேனின் நிறம், கை படும் இடங்களில் மட்டும் இன்னும் சற்று ஆழ்ந்த நிறம். கைகளின் முனையை, உள்ளங்கை படியும் அளவுக்குக் குழித்து, விரல் மடங்கும் இடத்தில் உருட்டிச் செதுக்கியிருந்தார் அந்தப் பெயரறியாத தச்சர். பூ இல்லை, கொடி இல்லை, சிங்கமுகம் இல்லை. செதுக்கு வேலை முழுவதும் கைக்கும் முதுகுக்கும் ஆனது. கண்டு வியப்பதற்கு ஆனதன்று. ஆயினும் கண்ணெடுக்க முடியவில்லை.

அங்கே தச்சுப் பட்டறை நடத்திவந்த முதியவர் ஒருவர் நம் வியப்பைக் கண்டு அருகில் வந்தார். எழுபதைத் தாண்டியவர். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார், வகுப்பு தொடங்கிவிட்டது! முதலில் மரத்தின் முகத்தைக் காட்டினார். வெள்ளிக் கீற்றுகள் தெறித்தாற்போல் பளபளத்தன. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்கள் கருவாலியில் அகலமானவை. அந்தக் கதிர்ப்போக்கிலேயே கட்டையை அறுத்தால் அவை பலகையின் முகத்தில் இப்படி மின்னும். அழகுக்காக மட்டுமன்று, அவ்வாறு அறுத்த பலகை எளிதில் வளையாது, சுருங்குவதும் குறைவு. ஆனால் அறுப்பில் மரம் கூடுதலாகச் சேதமாகும். அவசரக்காரனும் கருமியும் அந்த வழியில் அறுக்கமாட்டார்கள். வார்னிஷ் பூச்சும் இல்லை. சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்துத் துடைத்துவிடுவது அந்நாட்டு வழக்கமாம். ஆண்டுக்கு ஓரிரு முறை அப்படித் துடைத்தால் போதும், மரம் மூச்சுவிடும் என்றார்.

பின்காலின் அருகே ஓர் இரும்புத் திருகாணி. அதைச் சுற்றி நீலங்கலந்த கருவளையம், புண்ணாறிய வடுப்போல. “இது பிற்காலத்தில் யாரோ பழுதுபார்த்தது, செய்தவர் இரும்பு வைத்திருக்கமாட்டார்” என்றார் முதியவர். கருவாலியில் துவர்ப்புச் சத்து மிகுதி. தோல் பதனிட அதன் பட்டையைப் பயன்படுத்தியதும் அதனால்தான். அந்தத் துவர்ப்போடு ஈரமும் இரும்பும் கூடினால் கறுத்துவிடும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுக் காலம் எழுதும் மையையே அப்படித்தான் செய்தார்களாம்: கருவாலியில் பூச்சியால் எழும் கட்டிகளை இடித்து, இரும்பு உப்பைச் சேர்த்து. நாம் கல்லூரியிலே படித்த வரலாறெல்லாம் அந்த மையால் எழுதப்பட்டதுதானே! பெரும் போர்களும் பேரரசர்களும் நினைவிலிருக்கிறார்கள். மை எதனாலானது என்று எவரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

மன்னர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லவேண்டும். 1807இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகன் மீது குண்டுமாரி பொழிந்து, டேனியக் கடற்படையை அப்படியே கொண்டுபோய்விட்டனர். புதிய போர்க்கப்பல்கள் கட்ட வேண்டுமே என்று அரசு கருவாலிக் கன்றுகளை நடச்செய்தது. கப்பலுக்கு ஏற்ற கருவாலி முற்ற ஏறத்தாழ 200 ஆண்டுகள் வேண்டும். மரம் முற்றிய காலத்தில் கப்பலெல்லாம் இரும்பாகி நெடுங்காலம் ஆகியிருந்தது! போருக்கென நட்ட மரங்கள் போர் காணாமலே பெருத்து நிற்கின்றன. இதைச் சொன்னபோது முதியவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது.

“அரியணையைப் பார்க்கப் போகிறீர்களா? போங்கள். பார்த்துவிட்டுக் கால்மணி நேரம் நடந்தால் டென்மார்க் வடிவமைப்புக் காட்சியகம் வரும். அங்கே எங்கள் நாற்காலிகளையும் பாருங்கள்” என்றார். அப்படித்தான் ஒரே நாளில் இரண்டையும் கண்டோம்.

காட்சியகம் அமைந்திருக்கும் கட்டடம் ஒரு பழைய மருத்துவமனை. 1757இல் ஏழைகளுக்கெனத் திறக்கப்பட்டது. கட்டடத்தைச் செப்பனிட்டுக் காட்சியகமாக்கியவர்களில் ஒருவர் கோரெ கிளிண்ட். இந்தப் பெயரை நினைவில் கொள்ளவேண்டும். 1924இல் அரச கலைக்கழகத்தில் அறைகலன் பயிற்சிக்கெனத் தனித்துறை தொடங்கியபோது அதைக் கட்டியெழுப்பியவர் இவர். அவர் மாணவர்களுக்குக் கொடுத்த முதல் கருவி அளவுகோல்! மனிதன் அமரும்போது முழங்கால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, முழங்கை எங்கே ஓய்கிறது, முதுகு எந்த இடத்தில் தாங்கலை வேண்டுகிறது என்று அளக்கச்சொன்னார். பழைய நாற்காலிகளையும் அளக்கச்சொன்னார். பழைமை என்று தொழுவதற்கன்று, பழையவர்கள் கண்டுபிடித்ததில் எது இன்றும் பொருந்துகிறது என்று சோதிப்பதற்கு. அரியணையைச் சமைத்தவன் அரசனின் தகுதியை அளந்தான். கிளிண்டின் மாணவர்கள் மனிதனின் முழங்காலை அளந்தார்கள்.

அந்த நாளில் தச்சர்களின் நிலை நன்றாக இல்லை. ஆலைகள் மலிவாகச் செய்து குவித்தன. கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927இல் ஒரு கண்காட்சி தொடங்கியது. 1966 வரை ஆண்டுதோறும் நடத்தியது. வரைபவரும் செய்பவரும் இணைந்து உழைத்த இடம் அது. ஃபின் யூல் வரைந்ததை நீல்ஸ் வொடர் செய்தார். ஹான்ஸ் வெக்னர் வரைந்ததை யொஹான்னஸ் ஹான்சனின் பட்டறை செய்தது. ஒருவர் பெயர் மேலே, மற்றவர் பெயர் மறைவிலே என்றில்லாமல், இருவர் பெயரும் ஏட்டில் நிற்கின்றன. இதைப் படித்தபோது தாத்தாவின் பெயர் பண்ணை வீட்டு நாற்காலியின் எந்த மூலையிலாவது இருந்ததா என்று எண்ணிப்பார்த்தோம். இருந்திருக்காது.

1949ஆம் ஆண்டுக் கண்காட்சியில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். ஃபின் யூலின் பெரிய கைவைத்த நாற்காலியில் மன்னர் ஒன்பதாம் பிரெடரிக் அமர்ந்துவிட்டார். உடனே செய்தியாளர் ஒருவர், இதற்கு மன்னர் நாற்காலி என்று பெயர் வைக்கலாமே என்றாராம். வேண்டாம், தலைவன் நாற்காலி என்று எழுதுங்கள் என்றாராம் யூல். அந்தப் பெயரே நிலைத்தது. மன்னர் அமர்ந்தார் என்பதற்காகப் பெயரை மாற்றவில்லை! அது தேக்கிலும் வால்நட் மரத்திலும் செய்தது, கருவாலியன்று. ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஹான்ஸ் வெக்னருக்கு வருவோம். 1914இல் தொன்னர் என்ற சிறு நகரில் பிறந்தவர். தந்தை செருப்புத் தைப்பவர். பையன் தச்சுப் பட்டறையில் சேர்ந்தான். பதினேழு வயதில் தேறிய தச்சனானான். பின்னரே கோபன்ஹேகன் சென்று கைவினைப் பள்ளியில் படித்தான். செருப்புத் தைப்பவரின் மகன் தச்சனாவதற்கு எவரும் குறுக்கே நிற்கவில்லை. எப்போதும் அப்படியே இருந்தது என்று எண்ணவேண்டாம். அங்கும் தொழிற்சங்கங்கள் கதவைத் தாழிட்டு வைத்திருந்த காலம் உண்டு. 1857இல் சட்டம் செய்து, 1862இல் அந்தத் தாழை உடைத்தார்கள். உடைத்தபின் தொழிலைக் கைவிட்டுவிடவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. பட்டறைப் பயிற்சி இருந்தது, தேர்வு இருந்தது, பள்ளி இருந்தது. பிறப்புக் கேள்வி மட்டும் போயிற்று. நான்னா டிட்சல் போன்ற பெண்களும் அந்தத் தச்சுப் பயிற்சியைப் பெற்று, பேரெடுத்தார்கள்.

வெக்னர் வாழ்நாளில் 500க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வரைந்தார். அவற்றில் 1949இல் செய்த வட்ட நாற்காலி முன்னே நாம் நின்றது அரைமணி நேரம் இருக்கும். கருவாலியிலும் தேக்கிலும் பிற மரங்களிலும் செய்யப்படுவது. நான்கு கால்கள், அவற்றின் மேலே, முதுகும் இரு கைகளும் ஒரே வளைவாக ஓடும் அரைவட்டக் கட்டை. ஒரே கட்டையைப்போல் தோன்றும். உண்மையில் மூன்று துண்டுகள். அத்தகைய வளைவை ஒரே மரத்தில் குடைந்தால், ரேகை குறுக்கே ஓடும் இடத்தில் முறிந்துவிடும். ஆகவே ரேகைப்போக்கைப் பார்த்து மூன்று துண்டாகச் செய்து இணைக்கவேண்டும். இணைப்புத் தெரியக்கூடாது என்று முதல் நாற்காலியில் முதுகுப்பகுதியைப் பிரம்பால் சுற்றி மூடிவிட்டார் வெக்னர். மனம் ஒப்பவில்லை. மறு ஆண்டே பிரம்பை நீக்கினார். இருகை விரல்களைக் கோத்தாற்போல், பல்பல்லாக வெட்டிப் பொருத்திய இணைப்பை வெளியே தெரியவைத்தார். மறைத்துவைத்த இடமே அந்த நாற்காலியின் அழகாயிற்று! 1950இல் அமெரிக்க இதழொன்று அதைப் புகழ்ந்து எழுத, கடல்கடந்து பெயர் பரவிற்று. 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோ நகரில் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் சொற்போர் புரிந்தபோது, இருவரும் அமர்ந்திருந்தது அந்த நாற்காலிகளில்தான்.

பக்கத்திலேயே பொர்கெ மொகென்சன் 1958இல் வரைந்த ஸ்பானிய நாற்காலி. பருத்த கருவாலிச் சட்டம், தடித்த தோல் இருக்கை. தோல் நாளடைவில் தொய்யும் அல்லவா? இடுப்பு வாரைப்போல் கொக்கிகள் வைத்திருக்கிறார். தொய்ந்தால் இழுத்து மாட்டிக்கொள்ளலாம். கைகள் இரண்டும் பலகைபோல் அகலம். ஒரு குவளையை அச்சமின்றி வைக்கலாம். முதுமை வரும் என்று தெரிந்து, அதற்கு வழியும் வைத்துச் செய்த நாற்காலி!

மொகென்சனைப்பற்றி இதைவிடப் பெரிய செய்தி உண்டு. டென்மார்க்கில் 1866இலேயே கூட்டுறவுக் கடை தோன்றிவிட்டது. கடைகளெல்லாம் சேர்ந்து 1896இல் ஒரே கூட்டமைப்பாயின. அந்தக் கூட்டமைப்பு, 1942இல் போரும் ஆக்கிரமிப்பும் நடந்த நாளில், தன் அறைகலன் பிரிவுக்கு 28 வயது மொகென்சனைத் தலைவராக்கிற்று. சிறு வீடு, சிறு வருவாய், நல்ல நாற்காலி: இதுவே அவருக்கு இட்ட பணி. 1947இல் வந்தது அவருடைய ஜே39. கைகள் இல்லாத எளிய நாற்காலி, காகிதக் கயிற்றால் பின்னிய இருக்கை. மக்கள் நாற்காலி என்றே அதற்குப் பெயர் விழுந்தது. கொம்பு அரியணை ஒருவனுக்காக. மக்கள் நாற்காலி, கூட்டுறவுக் கடைக்கு வரும் எவருக்கும்.

புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. வெக்னரின் வட்ட நாற்காலி ஏழைக்கு எட்டும் விலையில் என்றும் இருந்ததில்லை. இன்றோ, நம் போன்ற ஆசிரியனின் பல மாத ஊதியம் ஒரு நாற்காலிக்குப் போதாது. அந்தக் காலத்துப் பழைய நாற்காலிகள் ஏலத்தில் ஏறும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். வாங்கியவர்கள் அமர அஞ்சுகிறார்களாம்! மனிதனின் முழங்காலை அளந்து செய்த நாற்காலி, மீண்டும் அரியணையாகி, கண்ணாடிக்கு அப்பால் நிற்கத் தொடங்கிவிட்டது. காட்சியகத்தில் நாமும் தொட்டுப்பார்க்க ஆசைப்பட்டு, அறிவிப்புப் பலகையைக் கண்டு கையை இழுத்துக்கொண்டவர்தாம்.

மறுநாள் பள்ளிக்குத் திரும்பியதும், பட்டறையில் நமக்கும் ஒரு துண்டுக் கருவாலி தரச்சொன்னோம். முதியவர் தந்தார். ஒரு கட்டையில் துளையிட்டு, மற்றொன்றின் முனையை நாக்குபோல் செதுக்கி உள்ளே இறக்கவேண்டும். இணைப்புகளில் பாலபாடம் அது. இழைப்புளியைப் பிடித்தோம். மரத்தின் ரேகைக்கு எதிராகத் தள்ளுகிறோம் என்பதுகூடத் தெரியவில்லை, சிராய்த்துக்கொண்டு பெயர்ந்தது. உளி வழுக்கிற்று. ஒரு முற்பகல் முழுதும் போராடி, நாக்கு துளைக்குள் லொடலொடவென்று ஆடிற்று.

“உங்கள் தந்தையார் என்ன தொழில் செய்கிறார்?” என்று கேட்டார் முதியவர், பேச்சுக்காக.

தச்சர் என்றோம்.

அவர் நம் கையைப் பார்த்தார், பிறகு ஆடிக்கொண்டிருந்த கட்டையைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது? எங்கள் ஊரில் உளியைப் பிடித்தவர்க்கு நாற்காலி இல்லை, ஆகையால் நாற்காலி வேண்டி உளியை விட்டோம் என்பதா? அது உண்மைதான். அப்பா செய்தது தவறென்று நாம் சொல்லமாட்டோம். நின்றபடி கூலி வாங்கியவரின் மகன் அவர். ஆனால் அவர் கையில் நாற்பது ஆண்டு அறிவு இருக்கிறது. அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட நாம் வாங்கிக்கொள்ளவில்லை. வெக்னருக்குப் பட்டறையும் பள்ளியும் இரண்டும் கிடைத்தன. நமக்குப் பள்ளி கிடைத்தது. பட்டறை வாசற்படியிலேயே நின்றுவிட்டது. வகுப்பில் நம் முன்னே அமரும் பிள்ளைகளில் தச்சர் மகளும் குயவர் மகனும் இருக்கிறார்கள். அவர்களிடம் இத்தனை நாளும் நாம் சொல்லிவந்தது என்ன? “நன்றாகப் படி, இல்லாவிட்டால் உன் அப்பன் தொழிலுக்குத்தான் போகவேண்டும்!” அச்சுறுத்தலாகவே சொல்லியிருக்கிறோம். பல முறை சொல்லியிருக்கிறோம்.

அன்றிரவு வட்ட நாற்காலியின் இணைப்பைப் படத்தில் பெரிதாக்கி அப்பாவுக்குக் கைப்பேசியில் அனுப்பினோம். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு அவரே அழைத்தார். நலம் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

“தம்பி, இந்தப் பல்லு இருக்கே, இத மேலேருந்து எறக்குனானா, பக்கவாட்டுல தள்ளுனானா?”

தெரியவில்லை அப்பா என்றோம்.

“கிட்டக்க போயி பாத்தியா? தடவிப் பாத்தியா?”

தொட விடவில்லை என்றோம்.

“தொடாம எப்டிடா தெரியும்?” என்று அலுத்துக்கொண்டார். பின்பு, பள்ளி நூலகத்து நாற்காலியைத் தொடலாம் அல்லவா, அதைக் கவிழ்த்துப்போட்டு நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பு என்றார். கால் சேருமிடம் கிட்டத்தில் தெரியவேண்டும், வெளிச்சம் பக்கவாட்டில் விழவேண்டும், அளவுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டோம்.